நின்றபோது எடுத்த அளவு

உலக வாகன வரலாறு இன்று மாலை நான்கு மணிக்கு இரண்டாகப் பிளக்கும், நான்கு மணிக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று, அந்தப் பிளவைக் கண்ணாரக் காணும் பேறு வாய்த்தவர்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்து சிறப்பிக்க வேண்டும்... அழைப்பிதழின் இந்த வரியை இவர் ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார், படித்தார் என்று மரியாதைக்குச் சொல்லலாம், கண் எழுத்தில் கிடந்தது, மனசு மேசையில் இருந்த மூன்று அட்டைக் கீற்றுகளில் கிடந்தது, கட்டைவிரல் அகலம், ஒரு கட்டைவிரல் அகலம் குறைகிறது, எப்படிக் குறையும், ஆறு மாதமாகக் குறையாதது இப்போது மட்டும் எப்படிக் குறையும், அட்டை சுருங்கியிருக்குமோ, இந்தத் தகரக் கூரைக்குக் கீழே மனுஷனே சுருங்கிப்போகும்போது அட்டை சுருங்காதா... இல்லை, அட்டை சுருங்கவில்லை. மணி இரண்டு பத்து.

அழைப்பிதழை எழுதியவர் மச்சான். மனைவியின் அண்ணன், பாதையில்லாத் தரையில் வண்டி ஓட்டுவோர் சங்கத்தின் நிறுவனர், தலைவர், பொதுச்செயலாளர், மீதி நான்கு பேருக்குக் கொடுக்கப் பதவி தீர்ந்துவிட்டதால் அவர்கள் வெறும் உறுப்பினர்கள். ஊரே அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும், அவர் வீட்டு நாய்கூட அந்தப் பேருக்குத்தான் வாலாட்டும் என்பார் வெல்டர். தலைவரின் கனவு இந்த வண்டி, கல்லிலும் மேட்டிலும் பாய்வதற்கென்று இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டிய திறந்த வண்டி, கோழிக்கூண்டுக்கு நாலு பெரிய சக்கரம் முளைத்த மாதிரி, பக்கி என்று பெயர், மனைவி முதல்முறை கேட்டபோது யாரைத் திட்டுறீங்க என்றாள். அதன் முன்பகுதி முழுக்க இவருடையது, சக்கரத்தைத் தாங்கும் மேல்கை, கீழ்கை, இரண்டுக்கும் நடுவில் சக்கரத்தைப் பிடிக்கும் நக்கிள், ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு என்ற தடி, அதிர்ச்சியை விழுங்கும் ஷாக், எல்லாம் இவர் பென்சிலில் பிறந்தவை. மாப்ள, வர்றவங்களுக்கு முன்பகுதியோட மகிமை தெரியணும், அட்டையில ஒரு மாதிரி பண்ணி வை, பாமரனுக்கும் புரியணும், என்று நேற்று மச்சான் சொன்னார், சரி என்று இன்று சாப்பிட்டு வந்து இவர் அட்டையை வெட்டி, குண்டூசி குத்தி, சக்கரத்துக்குப் பதில் ஊறுகாய் பாட்டில் மூடியை வைத்து, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பாமரனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் புரிந்த பாமரன் இவரே.

சக்கரம் தொங்கும்போது தடி அட்டையின் நுனி நக்கிளில் போட்ட ஓட்டை மேல் கச்சிதமாக உட்காருகிறது, பூட்டுக்குள் சாவி மாதிரி, மூடியை மெல்ல மேலே தூக்கினால், அதாவது ஆள் ஏறி வண்டி பாரத்தில் அமுங்கினால், தடி ஓட்டையை எட்டவில்லை, இன்னும் தூக்கினால் இன்னும் எட்டவில்லை, அட்டையில் எட்டவில்லை, சரி, இரும்பில் என்ன ஆகும், இரும்பு நீளாது, எட்டாத தடி என்ன செய்யும், சக்கரத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கை எவன் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் அந்தச் சக்கரம் தானாகத் திரும்பும், வேகமாக ஏறினால் வெடுக்கென்று திரும்பும், அப்புறம் கோழிக்கூண்டு உருளும். இதைப் பதினைந்து வயதில் ஒருவன் அட்டையில் செய்து கண்டுபிடித்திருப்பான், ஐம்பத்திரண்டு வயதில் கண்டுபிடிக்க ஆறு மாதமும் ஒரு ஊறுகாய் மூடியும் ஆகியிருக்கிறது... எங்கே தப்பு செய்தோம்? தெரியும், எங்கே என்று தெரியும், யோசிக்கிற மாதிரி நடிக்க வேண்டாம், அறையில் வேறு யாரும் இல்லை.

ஸ்டாண்டு. அந்தப் பாழாய்ப்போன ஸ்டாண்டு. வண்டியின் இரும்புச் சட்டம் தயாரானதும் மச்சான் வந்து சுற்றிப் பார்த்து, என்னடா இது, வண்டி குனிஞ்சு கும்பிடுற மாதிரி இருக்கு, போட்டோவுல கம்பீரமா நிக்க வேணாமா, என்று நாலு மூலைக்கும் இரும்பு முக்காலி வைத்துத் தூக்கி நிறுத்தச் சொன்னார், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின, அப்படியே மூன்று மாதம் தொங்கின, தலைவர் அதன் முன்னால் கைகட்டி நின்று எடுத்த படங்கள் மட்டும் இருநூறு இருக்கும். அந்த மூன்று மாதத்தில்தான் இவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு போய், தொங்குகிற சக்கரத்துக்கு, தொங்குகிற நிலையில், தடியை மட்டமாக, பார்க்க லட்சணமாக வைத்து, தடியின் மறுமுனையைத் தாங்கும் ரேக் பிராக்கெட்டுக்கு அளவெடுத்தார். வரைபடத்தில் எவ்வளவு அழகாக வந்தது, மூன்று கோடும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிற மாதிரி... வண்டி கீழே இறங்கும், நாலு அங்குலம் அமுங்கி உட்காரும் என்பது அந்த நேரம் எங்கே போயிருந்தது? வண்டி என்றால் உட்காரும், ஆள் என்றால் ஏறுவான். ஆனால் அதை மறந்தவர் யார், பத்தொன்பது வருஷம் ஃப்ரிட்ஜ் கதவுக்குக் கீல் வரைந்தவர். கீல் நகராது. கதவு நகரும், கீல் இருந்த இடத்தில் இருக்கும், இருந்த இடத்தில் இருப்பதில்தான் இவருக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம், கம்பெனியை இழுத்து மூடிய அன்று கடைசியாக வெளியே வந்தவரும் இவர்தான், கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தார், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது, நல்ல கீல்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது மனைவி டீ கொண்டுவந்தாள், கழுத்தில் அளவு நாடா, தோளில் நூல், வண்டிக்கு சீட் தைத்தவள் அவள்தான், நாற்பது நாளாக ஷெட்டின் மறுமூலையில் தையல் மெஷினோடு உட்கார்ந்து கனமான ரெக்சினைத் தைத்தாள், ஊசி எத்தனை உடைந்ததோ. டம்ளரை வைக்க இடம் தேடி அட்டைகளை ஓரமாகத் தள்ளினாள், தள்ளியவள் நின்று, ஒரு விரலால் ஊறுகாய் மூடியைத் தூக்கினாள், இறக்கினாள், இன்னொரு தடவை தூக்கினாள். இவளுக்கு என்ன தெரியப்போகிறது, பொம்மை மாதிரி இருக்கிறது, அசைக்கிறாள், அவ்வளவுதான். முடிஞ்சுதா, என்றாள். ம், என்றார். அண்ணன் கேட்டா விளக்கிடுவீங்கல்ல, என்றாள். ம், என்றார். வேற ஒண்ணும் இல்லியே? இல்ல. போய்விட்டாள். இப்போது சொல்லியிருக்கலாம், இந்தாம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு, என்று ஒரே ஒரு வரி, அதற்கப்புறம் அவளே பார்த்துக்கொள்வாள், அவள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவள், வேலை போன இரண்டு வருஷமும் பார்த்துக்கொண்டாள், யாராவது உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்றால், வரைஞ்சிட்டிருக்கார், என்பாள், பொய் இல்லை, குறுக்கெழுத்துப் போட்டியில் கட்டம் வரைந்துகொண்டிருந்தார். அப்புறம் அண்ணனிடம் என்ன பேசினாளோ, ஒருநாள் மச்சான் வந்து தோளில் கைபோட்டு, மாப்ள, உனக்குள்ள ஒரு மேதை தூங்குறான், என்றார், எழுப்பியிருக்க வேண்டாம்.

தலைமை வடிவமைப்பாளர். டாஷ்போர்டில் பித்தளைத் தகட்டில் அப்படித்தான் பொறித்திருக்கிறது, பெயருக்கு மேலே, பெயரைவிடப் பெரிய எழுத்தில். இவருக்குக் கீழே யாரும் இல்லை, பக்கத்திலும் இல்லை, இருந்தாலும் தலைமை. அந்தத் தகட்டை இவர் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் துடைப்பார், துடைக்கிற துணியைக்கூடத் தனியாக வைத்திருக்கிறார், வெட்கம்தான், ஆனால் ஐம்பத்திரண்டு வயசில் ஒருவனுக்குக் கிடைத்த ஒரே பித்தளை. இப்போது போய், மச்சான், விழாவை நிறுத்துங்க, நான் அளவெடுத்தது தப்பு, என்றால் என்ன ஆகும்... தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுவார்கள், நாலு ஸ்க்ரூ. மச்சான் திட்டமாட்டார், அது தெரிந்த விஷயம், சிரிப்பார், மைக்கைப் பிடித்துச் சிரிப்பார், எங்க மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் கதவு எக்ஸ்பர்ட், வண்டியைத் திறந்தா உள்ள லைட் எரியும், என்பார், நாற்பது பேர் சிரிப்பார்கள், அதில் அவளும் இருப்பாள், அவள் சிரிக்கமாட்டாள், அதுதான் இன்னும் மோசம்.

போய்க் கழற்றிப் பார்த்துவிடலாமா, ஒருவேளை வரைபடத்தில்தான் தப்போ, வண்டியில் சரியாக இருக்குமோ... எப்படி இருக்கும், வரைபடத்தைப் பார்த்துத்தானே செய்தார்கள். கழற்றவும் முடியாது, வண்டியின் மூஞ்சியில் சிங்க முகம் மாட்டியாகிவிட்டது, ஃபைபரில் செய்த சிங்கம், பல்லோடு, பிடரியோடு, தலைவரின் யோசனை, பதினாறு போல்ட், நாலு பேர் பார்க்க அதைக் கழற்றுவதற்குப் பதில் மைக்கில் அறிவித்துவிடலாம். அது போக, இவர் ஒருநாளும் வண்டிக்குக் கீழே படுத்தவர் இல்லை. மேசைக்காரர். சட்டையில் கிரீஸ் படாத ஒரே ஆள் ஷெட்டில் இவர்தான், அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

வெல்டர் கேட்டார். ஆமாம், கேட்டார், அதை ஏன் இவ்வளவு நேரம் நினைக்காமல் ஒளித்து வைத்திருந்தோம்... வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிய மறுநாள், வெல்டர் முன்பக்கக் குழாய் மேல் ஏறி நின்று குதித்தார், அறுபது வயசு ஆள் குரங்கு மாதிரி குதிக்கிறாரே என்று இவர் ஜன்னலிலிருந்து பார்த்தார், அப்புறம் கதவருகே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, சார், ஒரு சந்தேகம், வண்டி ஸ்டாண்டுல நின்னா சக்கரம் நேரா பாக்குது, அமுங்கினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறைச்சுப் பாக்குது, மாமியார் மருமக மாதிரி, அது அப்படித்தானா? அப்படித்தானா என்று கேட்டவரிடம் இவர் என்ன சொன்னார், எழுந்து போய்ப் பார்த்தாரா, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, அது டைனமிக் ஜியாமெட்ரி, உங்களுக்குச் சொன்னாப் புரியாது, என்றார். டைனமிக் ஜியாமெட்ரி! எங்கே படித்த வார்த்தை அது, இவருக்கே தெரியாது, வாயில் வந்தது, மச்சானோடு பழகிப் பழகி வாய்க்குள் இப்படி வார்த்தைகள் தங்கிவிடுகின்றன. சரி சார், என்றார் வெல்டர். அந்தச் சரியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ரொம்ப மரியாதையான சரி, பெரிய மனுஷன் வேட்டி அவிழ்ந்திருந்தால் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்களே, அந்தச் சரி.

அதே வாரம்தானே இவளும்... சாப்பிட உட்கார்ந்தபோது பேன்ட் வயிற்றில் பிடிக்கிறது, நீ தைச்சது சரியில்ல, என்றார் இவர். நிக்கறப்ப எடுத்த அளவு உக்காந்தா பிடிக்கத்தான் செய்யும், உக்கார வெச்சு எடுத்திருக்கணும், உங்களுக்குத் தெரியாததா, என்றாள் அவள். வயிற்றைக் குத்திக் காட்டுகிறாள் என்று கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். வயிற்றைத்தான் சொன்னாள், வேறு எதைச் சொல்லப்போகிறாள்.

சரி, போகட்டும், என்ன பெரிதாக ஆகிவிடும், மச்சான் மெதுவாகத்தான் ஓட்டுவார், சாலையில் ஸ்கூட்டர்காரன் திட்டும்படி ஓட்டுகிறவர், கல்மேட்டை ஒரு சுற்று, கைதட்டல், முடிந்தது, நாளைக்குச் சாவகாசமாக ஏதாவது காரணம் சொல்லிச் சிங்கத்தைக் கழற்றி, பிராக்கெட்டை மாற்றி, மேம்பாடு என்று பேர் வைத்துவிடலாம், தப்புக்கு மேம்பாடு என்று பேர் வைக்காத தொழில் உலகத்தில் எது? உருண்டாலும் உள்ளே இருப்பது மச்சான் ஒருத்தர்தானே... இதை நினைத்தவர் தான்தானா என்று இவர் திடுக்கிட்டார், ரொம்பத் திடுக்கிடவில்லை, கொஞ்சம். கூண்டு உறுதி, பெல்ட் இருக்கிறது, தலையில் ஹெல்மெட், அதற்குள்ளே இருப்பதைப் பற்றித் தலைவரே அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

மூன்றரைக்கு மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, எந்தப் பாக்கெட்டிலும் எதுவும் இல்லை. மாப்ள, ரெடியா? அட்டையைப் பார்த்து, அருமை, அருமை, குழந்தைகூடப் புரிஞ்சுக்கும், என்றார், தான் புரிந்துகொள்ளும் சிரமத்தை எடுக்காமல். அப்புறம் ஒரு விஷயம், முதல் ஓட்டத்துல பக்கத்து சீட்டுல யாருன்னு பெரிய போட்டி, நான் முடிவு பண்ணிட்டேன், என் தங்கச்சிதான், சீட்டு தைச்ச கை, முன்பக்கம் உன்னோடது, உக்கார்றது உன் பொண்டாட்டி, ஸ்டீயரிங் அண்ணன், குடும்பமே சரித்திரத்துல! என்று தோளில் தட்டினார். அவ... பயப்படுவாளே, என்றார் இவர். அவளா? நான் கேட்டதும் சரின்னுட்டா, ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, உன் மேல அவ்வளவு நம்பிக்கை! மச்சான், என்றார் இவர். சொல்லு. அந்தக் கல்லுமேடு... கொஞ்சம் மெதுவா... டேய் மாப்ள, ஆம்பளையா பொறந்தா கல்லைப் பாத்து மெதுவாப் போகலாமா, கல்லு நம்மைப் பாத்து ஒதுங்கணும், என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தவர், வெளியே கிடந்த கல்லில் இடறி, ஒதுங்கி நடந்தார்.

வெளியே நாற்பது நாற்காலி, முப்பது பேர், வெயில் சாய்ந்தும் சூடு சாயவில்லை, மைக் ஊளையிட்டது, மச்சான் பேசினார், சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து ஆரம்பித்ததால் இன்றைய தேதிக்கு வர நேரமாயிற்று, இவர் அட்டை மாதிரியைத் தாம்பாளம் போல ஏந்தி நின்றார், விளக்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நல்லதாயிற்று, கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்போமோ, கூப்பிட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தோம், கூப்பிடாதது அவர்கள் தப்பு... வண்டி சிங்க மூஞ்சியோடு நின்றது, உட்கார்ந்து, நாலு அங்குலம் அமுங்கி. அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக் குழாய்க்கு மேல் கால் தூக்கிப் போட்டு ஏறினாள், தான் தைத்த சீட்டில் உட்கார்ந்து ஓரத்தில் ஒரு பிசிறு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள், பெரிசு, அண்ணனுடைய பழசு, தலை பொம்மைத் தலை மாதிரி ஆடியது. இவர் அருகே போனார். கால் போனது, வாய் போகவில்லை. இறங்கு. ஒரு சொல், நான்கு எழுத்து, இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் எத்தனை ஆயிரம் சொல் பேசியிருக்கிறார், உப்பு இல்லை, சட்டை எங்கே, கதவைச் சாத்து, இந்த ஒன்று வராதா? அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி இவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மச்சான் சாவியைப் போட்டுவிட்டார், வண்டி உறுமியது, அவள் குரலை உயர்த்தி, என்னங்க, ஏதாவது சொல்லணுமா, என்றாள்.

பெல்ட்டை இறுக்கிக்கோ, என்றார் இவர்.

அவள் தலையாட்டினாள், அல்லது ஹெல்மெட் ஆடியது, கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். வண்டி கிளம்பியது, கைதட்டல், புழுதி, கல்மேடு இருநூறு அடி தூரம், நூற்றைம்பது, ஓடிப்போய் மறிக்கலாமா, ஓட முடியுமா, கையில் அட்டை வேறு, கீழே போட்டுவிட்டு ஓடலாமே, போடு... போடவில்லை. பக்கத்தில் வெல்டர் வந்து நின்றார், பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அட்டையை எட்டிப் பார்த்தார், இது பழைய அளவுல பண்ணிருக்கீங்க சார், என்றார். என்னது? பழைய அளவு. அந்த ரேக் பிராக்கெட்டை நான் மேல ஏத்திட்டேன், மூணு விரல்கடை, வண்டியைத் தரையில உக்கார வெச்சு அளந்து. எப்போ? அது ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல, சிங்கம் மாட்டுறதுக்கு முன்னாடி. என்கிட்ட ஏன் சொல்லல? வெல்டர் துணியை உதறி மடித்தார், உங்க வீட்டு அக்காதான் சொல்ல வேணாம்னாங்க, நாந்தான் சார்கிட்ட கேட்டேன், புரியாதுன்னுட்டார்னு அக்காகிட்ட சொன்னேன், அவங்க வந்து அளவு நாடாவை வெச்சு என்கூட அளந்தாங்க, அவர்கிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டார், அப்படின்னாங்க, நீங்க கேக்கப் போயி இப்ப சொல்லிட்டேன், காட்டிக்குடுத்துராதீங்க சார்.

நிம்மதி வந்ததா, வந்தது, வந்து உட்கார இடம் தேடியது, அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருந்தது. அளவு நாடா. விரல். மூன்று மணிக்கு அந்த விரல் ஊறுகாய் மூடியை இரண்டு தடவை தூக்கியது, இரண்டாவது தடவை மெதுவாக, தடி எட்டாமல் நிற்பதை அவள் பார்த்தாள், இவர் பார்த்துவிட்டார் என்பதையும் பார்த்தாள், வேற ஒண்ணும் இல்லியே என்றாள், அப்புறம் அண்ணன் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றாள், ஏறினாள், கண்ணாடியைத் தூக்கினாள், கேட்டாள்... அவள் ஏறியது பத்திரமான வண்டியில், அது அவளுக்குத் தெரியும். இவர் ஏற்றிவிட்டது எந்த வண்டியில்? திரும்பி வந்து இறங்கும்போது முகம் எப்படி இருக்கும், வழக்கம்போல இருக்கும், டீ குடிச்சீங்களா என்று கேட்பாள், ராத்திரி சோறு போடுவாள், இனி எத்தனை வருஷம் அப்படியே போடுவாள்... முன்சக்கரம் கல்லில் ஏறியது, இடதுபக்கம் மட்டும், முழங்கால் உயரம் தூக்கி, இறங்கியது.

வண்டி நேராகப் போனது.